முட்டுக்குத்திய ஃபைனல்

சிவபிரசாத் கோல்போஸ்டில் நிற்கிற ஆள் என்று சொன்னால் அது பொய். ஓரிடத்தில் நிற்பது அவனால் ஆகாத காரியம். பந்து எதிர்ப்பக்கத்து மூலையில் கிடந்தாலும் இவன் இந்தக் கம்பத்தைத் தொட்டு, அந்தக் கம்பத்தைத் தொட்டு, மேல்கம்பியில் ஒருதரம் தொங்கி இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டிருப்பான். மிக்கேல்துறைக்காரர்கள் சொல்வதை நம்பினால், ஒரு மழைக்காலத்தில் வலது மூலையில் வந்த பந்தைத் தட்டிவிட்டு, அது தரையில் விழுமுன்பே இடது மூலைக்குப் போய், அங்கே யாரும் அடிக்காத பந்துக்காகக் காத்துக் கிடந்தானாம். நம்பாதவர்களுக்கு அந்த ஊரில் நல்ல மீன் கிடைக்காது.

அவன் மிக்கேல்துறைக்காரன் அல்ல. உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் புளியவிளை அகதி முகாமில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் சண்டைக்காலத்தில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். இவன் இலங்கையைப் பார்த்ததில்லை. பிறந்து வளர்ந்த இந்த நாட்டிலும் அவனை நம்மாள் என்று எழுதி வைத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. தொழில் பெயிண்டடிப்பு. மிக்கேல்துறையில் கல்ஃப் பணத்தில் எழும்பிய வீடுகளில் பாதிக்கு நிறம் கொடுத்தவன் அவன்தான்; ஊருக்குள் அவன் பெயரும் பெயிண்டர்தான். மேட்ச் நாளில் "பெயிண்டர், பெயிண்டர்" என்று அந்தக் கரை கத்துகிற கத்தில் வட்டக்கோட்டைச் சுவரில் காரை உதிரும் என்பார்கள்.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு ஃபைனலில், ஒன்றே ஒன்றில், கடைசிப் பந்து வரைக்கும் போஸ்டுக்கு நடுவே இருக்க வேண்டும்.

இது பெரிய ஆசையாகத் தெரியாது. ஆனால் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற மிக்கேல்துறை செவன்ஸ் போட்டியின் ஃபைனல் எப்போதும் குடியரசு தினத்தன்றுதான். மற்ற நாளில் முகாமில் மாலைக் கணக்கெடுப்பு ஏதோ பேருக்கு நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் "உள்ளான்" என்றால் போதும். குடியரசு தினத்தில் அது செல்லாது. ஆறு மணிக்கு ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வெளிவேலைக்குப் போகிற அனுமதி நின்றுவிடும். பெயிண்டும் இல்லை, பந்தும் இல்லை. அதனால் மிக்கேல்துறை ஃபைனலுக்கு வந்த வருஷமெல்லாம் சிவபிரசாத் பாதி மேட்சில் கையுறையைக் கழற்றி மாற்று கோலியிடம் கொடுத்துவிட்டு பைக்கில் ஏறியிருக்கிறான். வழி முழுக்கக் காது மட்டும் பின்னாலேயே இருக்கும். ஒருமுறை குழித்துறைப் பாலத்தில் வைத்து, கோல் விழுந்த சத்தத்தைக் கேட்டதாகச் சத்தியம் செய்தான், விழுந்ததும் உண்மைதான்.

இந்த வருஷம் கிளப் செயலாளர் ஆன்ட்ரூஸ் வாக்குக் கொடுத்திருந்தார். துபாயில் பாதி ஆயுசைக் கழித்து வந்த மனிதர். நேரம் என்றால் நேரம். மூன்றரைக்கு விசில், ஐந்துக்குள் கப், ஐந்தரைக்கு நீ முகாமில் என்றார். அவரே பைக்கில் கொண்டுவிடுவதாகவும் சொன்னார்.

அதற்குள் இம்மானுவேல் சங்கதி வந்து விழுந்தது.

இம்மானுவேல் நைஜீரியாக்காரன். மலப்புறத்து செவன்ஸ் மைதானங்களில் பல சீசன் ஆடி, மலையாளத்தில் கெட்டவார்த்தை உட்பட எல்லாம் கற்றுத் தேர்ந்தவன். வடசேரி வியாபாரிகள் டீம் அவனைக் கூட்டி வந்திருந்தது. செமிஃபைனலில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது தென்னைமரப் பக்கமிருந்து யாரோ குரங்குச் சத்தம் போட்டார்கள். ஒன்று அல்ல, ஏழெட்டுத் தொண்டை. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினார். இம்மானுவேல் பந்தின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, சத்தம் முடிகிற வரைக்கும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முடிந்ததும் கோல் அடித்தான்.

மறுநாள் ஊர்க் கமிட்டி விசாரணை வைத்தது. விசாரித்ததில், அன்றைக்கு மிக்கேல்துறையிலிருந்து ஒருத்தர்கூட மேட்ச் பார்க்கப் போகவில்லை என்று தெரியவந்தது.

ஆன்ட்ரூஸுக்குத் தூக்கம் போயிற்று. டிவியில் வெளிநாட்டு மேட்ச்களில் ஆட்டக்காரர்கள் விசிலுக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி இனவெறிக்கு எதிராக நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். அதையே இங்கேயும் செய்துவிடுவது என்று தீர்மானித்தார். ஃப்ளெக்ஸ் அடித்தார். இரண்டு டீமையும் கூப்பிட்டுப் பழக்கினார். ஒரு நிமிஷம் முட்டுக்குத்தி நிற்பது, பிறகு விசில். எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அது ஜெபம் அல்ல என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது.

மிக்கேல்துறை ஜனங்கள் பதினாறாம் நூற்றாண்டில் முட்டுக்குத்தப் பழகியவர்கள். கண்முன்னால் ஒரு ஆள் முட்டுக்குத்தினால் அவர்கள் முட்டு தன்னால் மடங்கும். மடங்கினால் "ஆமென்" கேட்காமல் நிமிராது. ஒரு ஆடிக்காற்றில் கோயில் கூரை ஓடெல்லாம் பறந்தபோதும் ஜெபம் முடியாததால் ஒருத்தரும் எழும்பவில்லை. ஓடுகளை லட்சத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போனவர்கள் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆக, பதினான்கு ஆட்டக்காரர்கள் முழங்காலை ஊன்றியதும் மைதானத்தைச் சுற்றி நின்ற நாலாயிரம் பேரும் பொத்தென்று முட்டுக்குத்தினார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டார்கள். ஐஸ் விற்கிறவன் பெட்டியோடு முட்டுக்குத்தினான். ஒரு நிமிஷம் ஆயிற்று. ரெஃப்ரி பகவதியப்பன் விசிலை வாயில் வைத்தார். ஆட்டக்காரர்களில் பாதி மிக்கேல்துறைப் பிள்ளைகள். நாலாயிரம் பேர் முட்டுக்குத்தி நிற்க அவர்கள் எப்படி எழும்புவார்கள்? ஆமென் சொல்ல பங்குச்சாமியார் ஊரில் இல்லை. சாமியார் இல்லாதபோது ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஞானதாசன் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் மைக்கை வாங்கினார்.

"நிறத்தின் பேரால் இகழப்படுகிற கறுப்பினச் சகோதரர்களுக்காக மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது நாலாயிரம் குரல். கடல் ஒரு அடி பின்வாங்கிற்று.

அத்தோடு முடித்திருக்கலாம். முடித்தாரா என்றால், முடிக்க முடியாது. மிக்கேல்துறைப் பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் என்று குழு உண்டு, மொத்தம் பன்னிரண்டு. பூசையில் மன்றாட்டு என்று தொடங்கினால் பன்னிரண்டு அன்பியமும் ஆளுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருமுறை எட்டாம் அன்பியத்தை மறந்துபோய் அடுத்த பாட்டைத் தொடங்கியதில், அவர்கள் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மீனும் அவர்கள் கூடவே போய்விட்டது. திரும்பி வந்து சமாதானம் ஆகிறவரைக்கும் மிக்கேல்துறை வலையில் சாளைகூட விழவில்லை.

உபதேசியார் சொன்னது முதலாம் அன்பியத்தின் கணக்கில் போயிற்று. மைக் இரண்டாம் அன்பியத்துக்குப் போயிற்று.

இரண்டாம் அன்பியத்தில் ஷீஜா இருந்தாள். ஈராக்கின் வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து வந்தவள். சொந்த மலையிலிருந்து துரத்தப்பட்டு, சந்தையில் விற்கப்பட்ட யசீதிப் பெண்களுக்குக் கட்டுப் போட்ட கை அவளுடையது. அவர்களுக்காக மன்றாடினாள். மூன்றாம் அன்பியத்துக்காரர் ஆழ்கடல் விசைப்படகுக்காரர். அந்தமானுக்கு அப்பால் ஒரு படகு, நிறைய ரோகிங்கியா ஜனம், எந்த நாடும் கரையேற விடாமல் மிதந்துகொண்டிருந்ததையும், குடிதண்ணீரையும் சுட்ட சூரையையும் கொடுத்துவிட்டு வந்ததையும் சொன்னார். மன்றாட்டில் சூரைமீன் வருவது வழக்கமில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

சிவபிரசாத் போஸ்டுக்குக் கீழே ஒரு முழங்காலில் இருந்தான். இருந்தான் என்பது பேச்சுக்குத்தான். இடது காலை மாற்றி வலது கால், வலதை மாற்றி இடது. கம்பத்தின் நிழல் முதலில் அவன் பூட்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது அவனைத் தாண்டி வலையில் ஏறிக்கொண்டிருந்தது. ஆன்ட்ரூஸைப் பார்த்தான். மைக் மேசைக்குப் பக்கத்தில் முட்டுக்குத்தியிருந்த அவர், வாட்ச்சைப் பார்த்துவிட்டு, அவனைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

மன்றாட்டு உலகத்தைச் சுற்றியது. நாலாம் அன்பியம் தன்னோடு மஸ்கட்டில் லாரி ஓட்டிய ஆப்கான் ஹசாராக்காரனின் ஜனங்களைச் சொன்னது. ஐந்தாம் அன்பியத்தில், விடுமுறைக்கு வந்திருந்த ஒரு கன்னியாஸ்திரி, இத்தாலியில் ஊர் ஊராக விரட்டப்படுகிற ரோமா நாடோடிக் குடும்பங்களைச் சொன்னார். ஆறாம் அன்பியம் சீனாவுக்குப் போய் உய்குர்களை எடுத்துக்கொண்டது. கப்பலில் சமையல் பார்த்தவர்களும், பாலைவனத்தில் குழாய் பதித்தவர்களும், பிறர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்களும் நிறைந்த ஊர் அது. உலகத்தில் எங்கே யாரை யார் மிதித்தாலும், மிதிபட்டவன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு ஆள் மிக்கேல்துறையில் உண்டு. ஒருவருக்கும் பொய்யில்லை. அழுகிறவர்கள் உண்மையாகவே அழுதார்கள்.

ஏழாம் அன்பியத்தில்தான் தகராறு. நல்ல நல்ல ஜனங்களையெல்லாம் முன்னால் உள்ளவர்கள் எடுத்துவிட்டார்கள், எங்களுக்கு யாரை விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். ஃபோனில் தேடினார்கள். தேடித் தேடி, எங்கோ பனிக்காட்டில் ஒன்பதே பேர் மிஞ்சியிருக்கிற ஒரு இனத்தைக் கண்டுபிடித்து அவர்களுக்காக மன்றாடினார்கள். அந்த ஒன்பது பேருக்கும் அந்நேரம் தும்மல் வந்திருக்கும்.

எட்டாம் அன்பியத்துக்காக ஸ்மைலின் என்கிற பெண் மைக்கை வாங்கினாள். அவள் அக்காளைக் கட்டிக்கொடுத்தது டொராண்டோவில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு.

"போரிலே சிதறடிக்கப்பட்டு, கனடாவிலும் லண்டனிலும் பாரீஸிலும் பனியிலே வாழ்கிற ஈழத்துச் சொந்தங்களுக்காக."

சிவபிரசாத் தலையைத் தூக்கினான். பதில்குரல் எழும்பி அடங்கிற்று. மைக் ஒன்பதாம் அன்பியத்துக்குப் போய்விட்டது.

அவனுக்கு வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. தன் வீட்டைக் கடந்து போய் அடுத்த வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்கிறவனைப் பார்க்கிற மாதிரி.

அப்போது சர்ரக் சர்ரக் என்று சத்தம். இம்மானுவேல் சென்டர் லைனிலிருந்து முழங்காலாலேயே மணலை உழுதுகொண்டு வந்தான். யாரும் எழும்பாத இடத்தில் எழும்பக் கூடாது என்கிற மரியாதை அவனுக்கு இருந்தது.

"சேட்டா, இது இப்பவும் எனக்கு வேண்டியா?"

"ஒனக்கு உள்ளது முதல்லேயே முடிஞ்சாச்சு. இப்ப வேற எங்கயோ நிக்கினும்."

"பின்ன நான் எழும்பட்டா?"

"நீ எழும்பினா மொதல்லேருந்து தொடங்குவினும். பேசாம இரு."

இம்மானுவேல் மணலில் முழங்காலை மாற்றி ஊன்றினான். பிறகு, நீ எதற்கு அடிக்கடி சூரியனைப் பார்க்கிறாய், பந்தா அது என்று கேட்டான். சிவபிரசாத் சொன்னான். முகாம், ஆறு மணி, கணக்கு, பாதியில் கழற்றிக் கொடுத்த கையுறைகள், எல்லாம் நாலு வாக்கியத்தில். இம்மானுவேல் மைக்கையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ உனக்கு உள்ளத யாரு சொல்லும்?"

"எனக்கா? நான் பெயிண்டர்லா."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

நாலாயிரம் பேர் முட்டுக்குத்தியிருக்கிற மைதானத்தில் ஒருத்தன் மட்டும் நிமிர்ந்து நடந்தால் பனைமரம் நடக்கிற மாதிரி இருக்கும். பதினொன்றாம் அன்பியம் பாதியில் நின்றது. ஆன்ட்ரூஸ், "மக்கா, இன்னும் ரெண்டே ரெண்டு உண்டு" என்று கையால் சைகை காட்டினார். சிவபிரசாத் மைக்கை வாங்கிக்கொண்டான். வாய் திறந்ததும், மைதானத்தில் அவன் பேசுகிற குமரிப் பேச்சு வரவில்லை. முகாம் வீட்டுக்குள் அம்மாவோடு பேசுகிற பேச்சு வந்தது.

"பதின்மூண்டாம் அன்பியம், புளியவிளை முகாம். ஆறு மணிக்கு எங்களை எண்ணுவினம். ஒரு ஆள் குறையக் கூடாது. அந்த ஆள் உங்கட கோல்கீப்பர். அவனுக்காக ஒருத்தரும் மன்றாட வேண்டாம். விசிலை ஊதுங்கோ."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம், பழக்கத்தில்.

சொல்லி முடித்த பிறகு, என்ன சொன்னோம் என்பது வரிசை வரிசையாகப் போய்ச் சேர்ந்தது. வலையோரத்தில் ஒருத்தர் இருமினார். போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்க அவனை வைத்தவர், கூலி பேசும்போது அகதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அவர் மணலைப் பார்த்தார். ஷீஜா தலையிலிருந்த சேலையை இறக்கினாள். உபதேசியார் ஞானதாசன் மிச்சமிருந்த அன்பியங்களைப் பார்க்காமலே ஆமென் சொன்னார். நாலாயிரம் ஜோடி முட்டு ஒன்றாக நிமிர்ந்த சத்தம் குழித்துறை வரை கேட்டு, அங்கே யாருக்கோ கல்யாணம், வெடி போடுகிறார்கள் என்று நினைத்தார்களாம்.

விசில் ஊதியாயிற்று. ஊதி என்ன? பாதி ஆட்டம் முடியும்போது கடல் சிவந்துவிட்டது. கோல் ஒன்றுமில்லை. சிவபிரசாத் ஏழு பந்து தடுத்தான். அதில் மூன்று இம்மானுவேல் அடித்தது, ஒன்று சொந்த டீம்காரன் தவறி அடித்தது. ஆன்ட்ரூஸ் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றார். சிவபிரசாத் வழக்கம்போலக் கையுறையின் பட்டையைப் பல்லால் இழுத்தான்.

மைதானத்தின் நடுவில் இம்மானுவேல் பந்தின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

ரெஃப்ரி எழும்பச் சொன்னார். வடசேரி மேனேஜர் கெஞ்சினார். அவன் ஆன்ட்ரூஸைத்தான் கூப்பிட்டான்.

"நிங்ஙள் எல்லாரும் எனக்கு வேண்டி முட்டுக்குத்தினிங்க. நான் கேட்டில்ல. இது ஞான் கேக்குந்நு. எனக்க முன்னால அவன் நிக்கணும். மாத்து ஆளு வேண்டாம்."

"அவன் போயே ஆவணும் மக்கா."

"அப்போ நாமளும் அவன்கூடப் போகலாம்."

ரெஃப்ரி பகவதியப்பன் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டப் புத்தகத்தை மனதுக்குள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார். வெளிச்சம் போதாவிட்டால் பெனால்டி வைத்து முடிக்கலாம் என்று போட்டி விதியில் இருந்தது. எந்த இடத்தில் வைத்து என்று போட்டிருக்கவில்லை.

மீன்லாரி, டெம்போ, ஆட்டோ, கல்யாணத்துக்கு ஓடுகிற வேன், எல்லாம் முகாமைப் பார்த்துக் கிளம்பிற்று. முதல் பைக்கில் ஆன்ட்ரூஸும் சிவபிரசாத்தும். பின்னால் தலைக்கு மேல் கப்பைப் பிடித்துக்கொண்டு மிக்கேல்துறை. ரப்பர் தோட்டங்களில் அன்றைக்கு ராத்திரி பால் வடியவில்லை என்றும், மரங்கள் மீன்வாடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டன என்றும் ஒரு பேச்சு உண்டு.

முகாமில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர் தாணுமாலயன் என்கிற அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை சரியாக வராவிட்டால் சோறு இறங்காத ஆள், அவ்வளவுதான். சிவபிரசாத் மூச்சிரைக்க வரிசையில் போய் நின்று "உள்ளேன்" என்றதும் திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம்தான் கேட்டைப் பார்த்தார். ரோடு முழுக்க ஜனம்.

உள்ளே வரக்கூடாது என்றார் அவர். வரவில்லை என்றார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகக்கூடாது என்றார். போகவில்லை என்றான் சிவபிரசாத். பகவதியப்பன் கேட்டின் இரண்டு சிமெண்ட் தூணுக்கும் இடையிலுள்ள அகலத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தார். செவன்ஸ் போஸ்டைவிட ஒரு சாண் கூடுதல். பரவாயில்லை என்று முடிவு செய்து, தூணுக்குத் தூண் சுண்ணாம்பால் கோடு கிழித்தார்.

"கோல்கீப்பர் கால் இந்தக் கோட்டில் இருக்கணும். அடிக்கு முன்னால வெளிய வரக்கூடாது. அது என் சட்டம்."

"எனக்கும் அதேதான்" என்றார் தாணுமாலயன். சற்று யோசித்து, "அடிக்குப் பின்னாலயும்" என்றார்.

இருவரும் ஆளுக்கொரு தூணடியில் குந்தி உட்கார்ந்தார்கள். வடசேரி கோலி கோட்டின் வெளிப்பக்கம், முகாமுக்கு முதுகைக் காட்டி நின்றான்; சிவபிரசாத் தன் முறை வரும்போது கோட்டின் உள்பக்கம் நின்றான். அவனுக்குப் பின்னால் முகாம் ஜனம் நீலத் தார்ப்பாயை வலைபோலப் பிடித்துக்கொண்டது. ஒரு ஓரத்தைப் பிடித்திருந்தது அவன் அம்மா. அவன் விளையாடி அவள் பார்த்ததில்லை. மகன் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் துள்ளுவதைப் பார்த்து, "இவனுக்குக் காலில எறும்பே?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

ஆளுக்கு நாலு அடித்து, சமமாகி, மிக்கேல்துறை ஐந்தாவதையும் போட்டுவிட்டது. மிச்சம் ஒன்று. இம்மானுவேல் பந்தை ரோட்டில் வைத்தான். டெம்போக்காரர்கள் லைட்டைப் போட்டார்கள். போட்டால் சமம், தடுத்தால் கப்.

அவன் அடித்தது இடது மூலைக்கு, தலைக்கு மேலே. சிவபிரசாத் பறந்தான். தொட்டான். தூணில் இடித்துத் திரும்பிய பந்தின் பின்னாலேயே உருண்டு, ரோட்டில் போய், இம்மானுவேலின் காலடியில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான்.

மிக்கேல்துறை கத்திற்று. தாணுமாலயன் எழும்பினார். ஆள் முழுசாக வெளியே கிடக்கிறான். அவர் சிவபிரசாத்தைப் பார்த்தார். பின்னால் தார்ப்பாயைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நின்ற நாலாயிரம் பேரைப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"எண்ணி முடிச்சாச்சு" என்றார் கடைசியில். "பந்தோட உள்ள வா."

வடசேரிக்காரர்கள் விடவில்லை. அடிக்கு முன்னாலேயே கால் நகர்ந்தது, மறுபடி அடிக்க வேண்டும் என்றார்கள். பகவதியப்பன் நகரவில்லை என்றார். நகர்ந்தது என்று, முகாம் அதிகாரியைச் சாட்சிக்கு இழுத்தார்கள். ஆன்ட்ரூஸ் கப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தர்க்கத்தில் இறங்கினார். அந்தத் தர்க்கம் இன்றைக்கும் முடியவில்லை. வடசேரியிலும் மிக்கேல்துறையிலும் வெற்றி ஃப்ளெக்ஸ் தொங்குகிறது.

சிவபிரசாத் அதையெல்லாம் கேட்கவில்லை. தூணுக்கு நடுவே திரும்பிப் போய், இந்தப் பக்கம் தொட்டு, அந்தப் பக்கம் தொட்டு, கையைத் தட்டினான். கடைசிப் பந்து வரை நிற்க வேண்டும் என்று இத்தனை வருஷம் கிடந்து தவித்தவனுக்கு, வந்தது கடைசிப் பந்தாகப் போய்விட்டது பிடிக்கவில்லை. பந்தை ரோட்டுக்கு உருட்டிவிட்டான்.

"அடி" என்றான்.

இம்மானுவேல் அடித்தான். தடுத்தான். மறுபடி அடித்தான், உள்ளே போயிற்று. தார்ப்பாய்க்காரர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். ஜனம் கொஞ்சம் கொஞ்சமாக லாரி ஏறியது. தாணுமாலயன் சங்கிலியும் பூட்டுமாக வந்து, கதவின் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டு, மற்றதில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொண்ணு சார்" என்றான் சிவபிரசாத். பாதியாகிப்போன போஸ்டுக்கு ஏற்றாற்போல் நகர்ந்து நின்றுகொண்டான்.